நாற்பத்தோரு விமானம் விழுந்த விவரம்

மரக்காணம்,
26-1-2006.

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், மனதளவில் எப்படி இருக்கிறோம் என்பதைத்தான் கீழே எழுதப்போகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்கப் பெருமுக்கல் மலைச்சாமி பார்த்துக்கொள்ளட்டும். பொங்கலன்று போனில் பேசியதையே திரும்பவும் பேசினால் எனக்குக் கோபம் வரும், உனக்கு அழுகை வரும், அதற்குள் லைன் கட்டாகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் இதிலும் இருக்கும். ஆனால் முழுக்கப் படி.

ஆடிக்கு வந்துவிட்டு நீ மஸ்கட் திரும்பியபோது கடலுக்கு மேலே விமானம் திடீரென்று கீழே இறங்கிக் குலுங்கியதையும், சாப்பாட்டுத் தட்டெல்லாம் மேலே போய் இடித்ததையும், பக்கத்துச் சீட்டு அம்மாள் கத்தி அழுததையும் நீ எங்களிடம் சொல்லவே இல்லை, மாப்பிள்ளைதான் சொன்னார். நீ சொன்னதெல்லாம் ஒன்றுதான், “இனிமே நான் ஏரோப்ளேன்ல ஏற மாட்டேம்பா, குழந்தை இங்கியே பொறக்கட்டும்.” தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது உன் அம்மாவின் தாய்க்கும் அவளுடைய தாய்க்கும் நடந்தது. உன் அம்மா நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏழாம் மாதத்துக்குமேல் போனால் விமானத்திலும் ஏற்ற மாட்டார்களாம். இப்போது உனக்கு ஐந்து. மாசி முடிவதற்குள் நீ இங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லைதான். இதை உன்னிடம் எத்தனை முறை சொல்வது?

சொல்லிப் பயனில்லை என்று தெரிந்த பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. விமானம் ஏன் விழாது என்பதை நானே தெரிந்துகொண்டு உனக்கு விளக்கிவிட்டால் உன் பயம் போய்விடும் என்று நினைத்தேன். கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது, நம் உப்பளத்துப் பாத்தியெல்லாம் ஏரியாக நின்றது, எனக்கும் வேலை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பாலகுருவிடம் போய், “ஏம்பா, ஏரோப்ளேன் எப்படிப் பறக்குதுன்னு சொல்ற மாதிரி ஏதாவது இருக்குதா” என்று கேட்டேன். அவன் ஒரு சிடி கொடுத்தான். “இது சும்மா ஓட்டற கேம் இல்லீங்க, நாமளே கட்டணும், நெசமாவே பறக்கற மாதிரி கட்டுனாத்தான் பறக்கும், இல்லன்னா உழுந்துடும்” என்றான். நீ கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் உறை போட்டு சும்மாதானே இருந்தது. அதில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கு ஆரம்பித்தது என் கிரகம்.

பாப்பா, கரிப்பு எத்தனை டிகிரி ஏறியதும் உப்புக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன். இந்த சனியன் கேட்பதெல்லாம் வேறு. இறக்கை எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், எத்தனை டிகிரி தூக்கல், இன்ஜின் எத்தனை குதிரை சக்தி, வால் எவ்வளவு தூரத்தில், எடை எந்த இடத்தில் என்று ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வைத்திருக்கிறான். எல்லாம் இங்கிலீஷ். உன் டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். முதலில் கட்டியதற்குப் பாத்தி மாதிரி பெரிய இறக்கை வைத்தேன், இடம் அதிகம் இருந்தால் காற்று அதிகம் பிடிக்கும் என்று கணக்கு. அது ரன்வே முழுக்க ஓடி, முடிந்து, புல்லில் ஓடி, ஒரு கட்டடத்தில் போய் முட்டிக்கொண்டது. இறக்கையைக் குறைத்தேன், கிளம்பியது, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. வாலைப் பெரிதாக்கினேன், நேராகக் கிளம்பியது, கொஞ்ச தூரம் போனதும் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்று வால்பக்கமாகக் கீழே வந்தது. அதற்குமேல் என்ன செய்தாலும் அதே கதைதான். மூக்கைத் தூக்கும், நிற்கும், விழும். பத்து, பதினைந்து, இருபது. நடுவில் கரண்ட் போய்விட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்து போட்ட அளவெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். எண்ணுவதற்காக உன் பழைய ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கோடு போட்டு வைத்தேன். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் எத்தனையாவது விழுந்தது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். உன் அம்மா காபியை மேசையில் நங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவே இல்லை. நான் எல்லாவற்றையும் சரிசமமாக வைத்திருந்தேன். நம் தொழிலில் ஒரு விரல்கடை மேடு பள்ளம் இருந்தால்கூட ஒரு பக்கம் உப்பு பூக்கும், இன்னொரு பக்கம் சேறாகக் கிடக்கும், அதனால் முப்பது வருஷமாக எதைச் செய்தாலும் மட்டம் பார்த்தே செய்து பழகிவிட்டேன். விமானத்தின் எடையையும் மூக்குக்கும் வாலுக்கும் சரிபாதி தூரத்தில் நட்டநடுவில் வைத்தேன். விழ விழ இன்னும் துல்லியமாக நடுவில் வைத்தேன். நாற்பது விமானம் இப்படிப் போயிற்று. சிரிக்காதே, மாப்பிள்ளையிடமும் காட்டாதே.

மார்கழி ஆரம்பத்தில் ஓலை போட்டு மூடி வைத்திருந்த உப்புக் குவியலைப் பிரித்து லாரிக்கு ஏற்றினோம். மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்கு நம் பாவாடைதான் தலைவன், உனக்குத் தெரியும், வாயைத் திறந்தால் ஊருக்கே கேட்கும். அடுக்குகிறவர்கள் சோம்பலில் மூட்டையைப் பின்னாலேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். “டேய், பின்பாரம் ஏத்தாதீங்கடா, முன்சக்கரம் தூக்கிக்கும், டிரைவர் ஸ்டீரிங்க எந்தப் பக்கம் ஒடிச்சாலும் வண்டி கேக்காது. முன்னால தள்ளி அடுக்குங்க” என்று கத்தினான். எத்தனை வருஷமாகக் கேட்கிற கத்தல், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. லாரியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். “மொதலாளிக்கு என்னா ஆச்சு” என்று பாவாடை பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தான். எடையை நடுவிலிருந்து எடுத்து முன்னால் தள்ளி வைத்தேன். நாற்பத்தோராவது விமானம் கிளம்பியது பாப்பா. மூக்கு கொஞ்சம் இறங்கும், வால் அதைப் பிடித்து நிறுத்தும், தானாகவே நேராகும். கையை எடுத்துவிட்டேன், அப்போதும் போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இதை எழுத வெட்கமாக இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் நீ டிக்கெட் எடுத்திருப்பாய். நான் நிறுத்தவில்லை. உன் அம்மாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, இதோ பார், பாப்பா பட்ட குலுக்கலை இப்போது இந்த விமானத்துக்குக் கொடுக்கிறேன் என்றேன். அதில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு இடம் இருக்கிறது. பாதி வைத்தேன். ஆடியது, இறங்கியது, குதித்தது, ஆனாலும் போய்க்கொண்டே இருந்தது. உன் அம்மா முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. அப்புறம் அவள், “இத்தவிடப் பெரிய காத்து வந்தா என்னாங்க ஆவும்” என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம் அல்லவா? என் திமிர், ஒன்றும் ஆகாது என்பதைக் காட்டுகிறேன் பார் என்று காற்றைக் கடைசிவரைக்கும் தள்ளினேன். இடது இறக்கை பிய்த்துக்கொண்டு தனியாகப் போயிற்று. மீதி சுற்றிச் சுற்றிக் கடலில் விழுந்தது.

உன் அம்மா எழுந்து நேராக சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். திரும்பி வந்து, “புள்ளைய வர வேணாம்னு சொல்லிடுங்க, அங்கியே பெத்துக்கட்டும்” என்றாள். ஐந்து வாரமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டது உன்னை மாற்ற, மாறியது அவள். அப்படிப்பட்ட காற்றில் எந்தப் பைலட்டும் ஓட்ட மாட்டான், சுற்றிப் போவான் அல்லது கிளம்பவே மாட்டான், இது விளையாட்டில் மட்டும்தான் என்று பாலகுருவே வீட்டுக்கு வந்து சொன்னான், அவனுக்கும் காபி நங்கென்றுதான் வந்தது. போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் சுனாமியாகக் கடல் அனுமந்தைப் பக்கம் ஊருக்குள் வந்ததைப் பார்த்ததிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவள் நம்புவதில்லை. வளைகாப்புக்கு என்று எடுத்து வைத்திருந்த பச்சைப் புடவையைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது பார்க்கிறேன், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உன்மேலும் ஆத்திரம், அவள்மேலும் ஆத்திரம், எல்லாவற்றையும்விட அந்தக் காற்றைத் தள்ளிய என் கைமேல்.

நான் கட்டுவதுபோல உப்பளக்காரன் ஒருத்தன் உட்கார்ந்து கட்டுவதில்லை ஞானாம்பா, ஆயிரம் பேர் படித்துக் கட்டி, ஒடித்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் ஆளை ஏற்றுவார்கள் என்று அவளுக்கு எவ்வளவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “நீங்க ஏறியிருக்கீங்களா?” நான் எங்கே ஏறினேன்? உன்னை வழியனுப்ப வந்தபோதுகூட மீனம்பாக்கத்தில் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றவன்தானே. “ஒக்காந்த எடத்துல இருந்துக்கினு வயித்துப் புள்ளக்காரிய ஏறு ஏறுன்னு சொல்றீங்க. நீங்க ஏறிப் போயி அவள இட்டுக்கினு வாங்க, அப்ப நான் நம்பறேன்” என்றாள். அவளுக்கு அது கோபத்தில் வந்த பேச்சு. எனக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

மறுநாளே சென்னைக்குப் போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். போலீஸ்காரர் வந்து வீட்டில் விசாரித்துவிட்டுப் போனார். முந்தாநாள் ரிஜிஸ்டர் தபாலில் வந்து சேர்ந்தது, போட்டோவில் நானே எனக்கு அடையாளம் தெரியவில்லை. உன் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள், அன்றைக்கே பச்சைப் புடவை பெட்டிக்கு மேலே வந்துவிட்டது. தை பிறந்ததும் பாத்தித் தரையை மிதித்து இறுக்க ஆட்கள் இறங்கிவிட்டார்கள், முதல் உப்பு வாரும் நேரத்தில் நான் இருக்க மாட்டேன், பாவாடை பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறான். மாப்பிள்ளையிடம் சொல்லி எனக்கு விசாவுக்கு என்ன வேண்டுமோ அதை உடனே அனுப்பச் சொல். மாசி முதல் வாரத்தில் நான் வருகிறேன், இரண்டாவது வாரம் நாம் இரண்டு பேரும் திரும்ப வேண்டும். விமானத்தில் ஏறலாம் என்று உன் டாக்டரிடம் ஒரு சர்ட்டிபிகேட் எழுதி வாங்கி வை, அது இல்லாமல் விட மாட்டார்களாம். நின்றுகொண்டே வேலை செய்கிற நேரத்தைக் குறைத்துக்கொள், தண்ணீர் கேனை நீ தூக்காதே, இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று ஒதுக்காதே, ராத்திரி சாப்பிட்டதும் போட்டுக்கொண்டு படுத்துவிடு.

நான் வந்த பிறகும் நீ ஏற மாட்டேன் என்றால் நான் வற்புறுத்தப் போவதில்லை. இதை உண்மையாகச் சொல்கிறேன். பயப்படாதே என்று எழுதத்தான் இத்தனை நாள் பாடுபட்டேன். இப்போது எழுத முடியவில்லை, ஏனென்றால் பயம் எனக்கே வந்துவிட்டது. நீ குலுங்கியதை ஒருதரம் பார்த்தாய். நான் விழுவதை நாற்பத்தோருதரம் பார்த்திருக்கிறேன், எப்படியெல்லாம் விழும் என்று உன்னைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். கண்ணை மூடினால் அந்த இடது இறக்கைதான் வருகிறது. உன் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

உனக்கும் பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராது, நூறு வயசு இருப்பீர்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். சர்ட்டிபிகேட்டை மறக்காதே. வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ தனியாக வந்து சேர்ந்துவிடுவேன் பாப்பா. திரும்பும்போது என்னால் தனியாக முடியாது, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொள்ள நீ வேண்டும்.

உன் வரவுக்காக இருக்கும்
அப்பா சக்கரபாணி