பள்ளிச் சாலையில் லோரிகளுக்குத் தடை

செவ்வாய், இரவு

இன்று முதல் காலை வேளையில் பள்ளிச் சாலையில் லோரிகளுக்குத் தடை. சமிக்ஞை விளக்கில் நின்று அவை கக்கும் புகையைக் குறைப்பதற்காக. லோரியில் செம்பனைக்குலை ஏற்றிச் செல்லும் அப்பா சுற்றிப்போய், பனை எண்ணெய் ஆலை வரிசையில் கடைசி ஆளாக நின்றார். வீட்டுக்கு வந்ததும் கத்தினார்.

“எந்தப் பைத்தியக்காரன் இந்த ஐடியா குடுத்தது? கையில மாட்டட்டும், தோலை உரிச்சிடுறேன்!”

“பிள்ளைங்க மூச்சு விட வேணாமாங்க?” என்றார் அம்மா.

“நீ சும்மா இரு லா!”

யோசனை என்னுடையது. அறிவியல் போட்டிக்காக ஒரு வாரம் லோரிகளை எண்ணி, நகராண்மைக் கழகத்துக்கு எழுதினேன். நாளை பள்ளியில் பரிசு. அம்மாவுக்கு அது மட்டும்தான் தெரியும். அப்பாவையும் அழைத்து வருகிறாராம்.

போட்டிக்கு நான் படங்கள் ஒட்டிச் செய்த அட்டையைச் சுவரில் மாட்டுவார்கள். அதிகம் புகைந்த லோரியின் படம் நடுவில் பெரிதாக இருக்கிறது. அது அப்பாவுடையது. எண் பலகைகூடத் தெரியும். வேண்டுமென்றேதான் ஒட்டினேன். இப்போது கிழிக்கலாம் என்றால், அட்டை பள்ளியில் இருக்கிறது.