விட்டுத்தொலை, அக்கா

ஜூன் 3

அன்புள்ள குட்டிக்கு,

போனில் பேசினால் உன் அத்தான் காதில் விழும். அதனால்தான் காகிதம். நான் ஓட்டும் பள்ளி வேனை லாரி உரசியதே, நினைவிருக்கிறதா? பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டாலே நெஞ்சு படபடத்தது. டாக்டர் பதற்றம் குறைய இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். பொய் சொல்லக் கூடாது, அந்த மாத்திரையால்தான் மறுபடி வண்டி எடுத்தேன். இரண்டு வாரம் எட்டு மாதமாகிவிட்டது. நாளுக்கு ஒரு மாத்திரை மூன்றாகிவிட்டது. இப்போது மருந்துக்கடைக்காரர், "டாக்டர் சீட்டு இல்லாம இனி தரமாட்டேம்மா" என்கிறார். நீ நர்ஸ்தானே? ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு அட்டை அனுப்பேன்.

உன் அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

திருடச் சொல்கிறாயா? மூன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு பதினான்கு பிள்ளைகளை ஏற்றிப்போகிறாய். ஒரு நொடி கண் செருகினால் என்ன ஆகும்? அனுப்ப மாட்டேன். வண்டியைத் தொடாதே. அந்தச் சனியனை விட்டுத்தொலை.

குட்டி

ஜூன் 15

குட்டி,

விட்டுத்தொலைத்துவிட்டேன். மிச்சத்தைக் கழிவறையில் கொட்டினேன். வண்டிக்கும் லீவு சொல்லிவிட்டேன். இன்று மூன்றாம் நாள். குழாய்த் தண்ணீர் சொட்டுவது காதுக்குள் அடிக்கிறது. சுவர் அசைகிற மாதிரி இருக்கிறது. கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. வீம்புக்காவது விட்டேனா இல்லையா?

அக்கா

ஜூன் 20

என் அக்கா,

கடிதம் இப்போதுதான் வந்தது. உனக்கும் அத்தானுக்கும் மாறி மாறி போன் அடிக்கிறேன், யாரும் எடுக்கவில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை, கோபத்தில் திட்டிவிட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இதைக் கூரியரில் அனுப்பிவிட்டு நானும் கிளம்புகிறேன். இந்த உறையைப் பிரிக்கிற கை உன் கையாக இருக்க வேண்டும்.

குட்டி

ஜூலை 8

அன்புக் குட்டி,

உறையை நான்தான் பிரித்தேன், பதினைந்து நாள் கழித்து. நீ மூன்று நாள் என் கட்டிலருகே இருந்தாயாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. சமையலறைத் தரையில் விழுந்ததும் தெரியாது. நாக்கில் பல் பட்ட புண் மட்டும் இருக்கிறது. நான் விட்ட மாத்திரையின் அதே வகை மருந்தை ஊசியில் ஏற்றித்தான் வலிப்பை நிறுத்தினார்களாம். என்ன கூத்து பார்!

அத்தானிடம் எல்லாம் சொன்னேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டோம். மாத்திரையைத் துளித்துளியாகக் குறைக்க ஒரு வருடம்கூட ஆகலாமாம்.

நீ அழாதே. திருடச் சொன்னவள் நான்.

பயம் போகவில்லை, குட்டி. காலையில் அத்தான் மாத்திரையை உடைத்துத் தருகிறார். அந்தத் துண்டு என் உள்ளங்கைக்கு வரும்வரை அவர் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்ப்பது அவருக்கும் தெரியும்.

உன் அக்கா