முட்டை சேராத கேக்கின் விலை

மைனி,

இன்று காலையில் முற்றத்தில் வைத்துத் தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பற்றவைத்தேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் விசிறியைப் போட்டுவிட்டுத் தெருவாசல் வரைக்கும் ஓடினேன். உங்களைப் போல எனக்கு இழுப்பு கிடையாது, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மூச்சு முட்டியது. உங்கள் உருளியையும் தகர டின்னையும் எடுத்து, நான் தனியாக ஒரு கேக் சுடப்போகிறேன். இத்தனை நாளும் அதற்குத் தைரியம் வரவில்லை. வந்த இன்றைக்கும் முதலில் வந்தது உங்கள் மேல் கோபம்தான். போய்ச்சேர்ந்தவர்களைக் கோபிக்கலாமா என்று அண்ணன் கேட்பார். கோபிக்காமல் என்ன செய்ய?

பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் இந்தத் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது, மலையாளத்தில் உங்களுக்கு உருப்படியாக வந்தது ஒரே சொல். மதி. சாலைக் கடையில் காய் நிறுக்கிறவனிடம் மதி, பால்காரியிடம் மதி. சிறுவயதில் மிஷன் பங்களா சமையல்கட்டில் கற்றுக்கொண்ட கேக்கை இங்கே நாலு வீட்டுக்குச் சுட்டுக்கொடுக்க ஆரம்பித்ததும், "எத்ர தரணும்?" என்று விலை கேட்டவர்களுக்கும் அதே சொல்தான். "நீங்க தர்றது மதி."

நான் தலையில் அடித்துக்கொள்வேன். "தமிழ்ல மதின்னா மதிக்கிறது. இவங்க ஊர்ல மதின்னா போதும்கிறது. போதும் போதும்னு சொல்ற ஆளை எவன் மைனி மதிப்பான்?"

"பள்ளிக்கூடத்துல பிள்ளைகளை விரட்டினது காணாதுன்னு வீட்டுலயும் ஆரம்பிச்சிட்டியா பிள்ளே," என்று சிரிப்பீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

அந்த இருமலைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. உருளியில் மணலைப் பரப்பி, நடுவில் டின்னை வைத்து, மேலே தட்டு மூடி, தட்டின் மேல் கனல் அள்ளிப் போட்டு, கீழேயும் தீ மேலேயும் தீயுமாக நீங்கள் காத்திருப்பீர்கள். ஆரியசாலைச் சந்துக்குள் இருக்கிற இந்த வீட்டின் அடுக்களைக்கு ஒரு சன்னல்கூட ஒழுங்காகக் கிடையாது. ஆஸ்பத்திரி டாக்டர் உங்கள் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "புகைப்பக்கம் போனா நான் மருந்து தந்து பிரயோஜனம் இல்லை" என்று நேராகவே சொல்லிவிட்டார். அடுப்புக்கு மேலே ஒரு புகைக்கூண்டு கட்டினால் போதும். வீட்டுக்காரர் கைவிரித்தார். அண்ணன் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றார்.

அப்போதுதான் வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து அந்தச் சாமி வந்தார், அண்ணன் ஆபீஸில் ஹெட் கிளார்க். துரை ஒருவர் மாற்றலாகிப் போகிறார், ஆபீஸே சேர்ந்து பணம் போட்டு விருந்து வைக்கிறது, கேக் வேண்டும். ஆனால் முட்டை கூடாது.

"பாதிப் பேர் எங்களவா, கேட்டேளா. முட்டை வாசனை பட்டதோ, என் தலை போயிடும். எங்காத்துல உள்ளேயே விடமாட்டா," என்றார். குடையைக்கூட மடக்காமல் முற்றத்திலேயே நின்று பேசினார்.

முட்டை இல்லாமல் கேக்கா! நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. "பாத்து செய்றேன் சாமி," என்றுவிட்டீர்கள். உள்ளே வந்ததும் என்னிடம் ஒரு வாக்குத் தந்தீர்கள். "இந்த ஒரு கேக்குக்கு வாய்விட்டு விலை கேப்பேன் பிள்ளே. புகைக்கூண்டுக்கும் சேர்த்துக் கேப்பேன். போதுமா?" எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உலகச் சண்டை நடந்த காலம். சீனி ரேஷனில். வீட்டுச் சீனியையெல்லாம் நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டீர்கள், நாங்கள் கருப்பட்டிக் காப்பி குடித்தோம். வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை கொட்டியதால் கரியை வெளியே வைத்துப் பற்றவைக்க வழியில்லை, முழுப் புகையும் அடுக்களைக்குள். முதல் கேக் அப்பளம் மாதிரி அமுங்கிப்போனது. அடுத்தது செங்கல். புளித்த தயிரும் ஆப்பசோடாவும் கலந்து மறுபடியும் தீ மூட்டினீர்கள். அதுதான் எழும்பியது. அது எழும்பிய நேரத்தில் நீங்கள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தீர்கள், உதடு நீலமாக. நான் முதுகைத் தடவிக்கொண்டே அழுதேன். நீங்கள் பேச முடியாமல், வெந்ததா பார் என்று கையை மட்டும் காட்டினீர்கள். பாவி மனுஷி, அப்போதும் கேக்தான்!

மறுநாள் அதன் மேல் துரைக்கு வாழ்த்து எழுத வேண்டும். உங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். லேஸ் பின்னிப் பழகிய கை, ஒரு எழுத்து கோணவில்லை.

சாமி வந்தார். கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, சொல்லுங்க மைனி, சொல்லுங்க என்று மனசுக்குள் முட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். வெண்ணெய் விலையிலிருந்து ஆரம்பித்தீர்கள். வீணாய்ப் போன இரண்டு கேக்கையும் சொன்னீர்கள். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை!

அவர் முகம் சுருங்கியது. "முட்டைதான் சேர்க்கலையே அம்மா. அதைக் கழிச்சுன்னா சொல்லணும்?"

முட்டை இல்லாததால்தானே அத்தனை பாடும்! அதைச் சொல்ல நீங்கள் வாய் திறப்பதற்குள், அவர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஓரத்திலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளினார். சட்டென்று வாயில் போட்டுக்கொண்டார். நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக்கூடத் தொடாத மனிதர், நம் முற்றத்தில் நின்று, நீங்கள் சமைத்ததை, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"பேஷா இருக்கு," என்றார்.

அவ்வளவுதான். உங்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "நீங்க தர்றது மதி சாமி," என்றுவிட்டீர்கள். அவர் தந்தது வெண்ணெய்க்கும் மைதாவுக்கும் காணும். புகைக்கூண்டுக்கு ஒரு செங்கல் வாங்கக் காணாது.

அன்றைக்கு நாம் போட்ட சண்டை சந்து முழுக்கக் கேட்டது. "அந்த மனுஷன் முட்டை வாசனை இருக்கான்னுதான் தின்னு பாத்தார் மைனி! உங்களை மதிச்சு இல்லை!" என்று கத்தினேன்.

நீங்கள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னீர்கள். "எதுக்குத் தின்னா என்ன? நம்ம முற்றத்துல நின்னுல்ல தின்னார். அவருக்கு அது எம்புட்டு பெரிசுன்னு உனக்குத் தெரியாது. அதுக்கு மேலே என்னத்தைக் கேக்க?"

நீங்கள் சொன்னதிலும் ஏதோ இருக்கிறது என்று சில நாள் தோன்றும். மறுநிமிஷமே, ஒரு துணுக்குக் கேக்குக்கா மூச்சை விற்பது என்று ஆத்திரமாக வரும்.

அதோடு விட்டதா? முட்டை சேராத கேக் என்று பேர் பரவி, அக்கிரகாரத்துப் பையன்கள் ஒளிந்து ஒளிந்து வந்தார்கள். அன்றைக்குச் சாமி தந்ததே ரேட் ஆகிவிட்டது. கூட்டிக் கேட்டால், "சாமிக்கு அந்த விலைதானே?" என்பார்கள். உங்களுக்கு அதற்கு மேல் வாய் எழும்பாது. அடுத்த இடவப்பாதிக்கு நீங்கள் இல்லை. நீங்கள் போன மறுமாசம் அண்ணன் கொத்தனாரைக் கூட்டிவந்து புகைக்கூண்டு கட்டினார். கடன் வாங்கித்தான் கட்டினார். முன்னாடியே அந்தக் கடனை வாங்கியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. அவரே சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

நேற்று நம் சபையிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். மகள் கல்யாணத்துக்குக் கேக் வேண்டுமாம், உங்கள் கைப்பக்குவம் எனக்கும் இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். நான் விலையைச் சொன்னேன். வெண்ணெய், சீனி, கரி, கெட்டுப்போனால் மறுபடி சுடுகிறது, என் இரண்டு நாள் வேலை, எல்லாம் சேர்த்துக் குரல் நடுங்காமல் சொன்னேன்.

"உங்க மைனி ஒருநாளும் இப்படி விலை பேசினதில்லையே," என்றார்கள்.

"அதனாலதான் நீங்க இப்ப என்கிட்ட வந்திருக்கீங்க," என்றேன்.

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். சரி, அதையே தருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். கேட்ட விலை கிடைத்தது மைனி. அதைக் கைநீட்டி வாங்க வேண்டிய ஆள் நீங்கள்தான், நான் இல்லை.