உங்கள் சாக்ஸை நானும் போட்டுக்கொண்டேன்

நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டிராத என் மாமாவுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

மத்தியானச் சோறு உண்டுவிட்டு, இடது காலை முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு புண். பெரிதில்லை, புளியங்கொட்டை அளவுதான். ஆனால் வலிக்கவே இல்லை மாமா. உங்களுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது?

நீங்கள் போன பிறகு எனக்கும் சர்க்கரை வந்தது. மாத்திரையில் சமாளித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தை மாதம் போனபோது, "இனி மாத்திரை பத்தாதும்மா, இன்சுலின் ஊசிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்களிடமும் இதையேதான் சொன்னார்கள். "ஊசியில கொண்டாந்து நிறுத்திட்டாங்கன்னா அப்புறம் கடைசிதான் புள்ள" என்று சொல்லிவிட்டு நீங்கள் ஆஸ்பத்திரிப் படியிறங்கி வந்துவிட்டீர்கள். முதலில் விரல் போனது. பிறகு முழங்காலுக்குக் கீழே போனது. பிறகு நீங்களே போய்விட்டீர்கள். அதனால் நான் மறுபேச்சுப் பேசாமல் ஊசிக்குத் தலையாட்டினேன்.

ஊசி எனக்குப் புதுசா என்ன? கோழிப்பண்ணை பண்ணையாகப் போய்த் தடுப்பூசி போட்ட கை இது. நாமக்கல் சுற்று வட்டாரத்தில் என் கைப்பட்டு ஒரு கோழி றெக்கை அடித்து அலறியது உண்டா? நீங்கள் கோழியைப் பிடித்துக் கொடுக்க, நான் குத்திக் குத்தி விடுவேன். "உன்ற கையில குத்து வாங்குனா கோழி தூங்கிப்போயிரும் புள்ள" என்று கேலி பேசுவீர்களே. அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் மருந்துப் பாட்டிலில் தேதியைப் படிக்காமல் ஊசியைத் தொட்டவள் இல்லை.

அந்தத் திமிர் இருந்தது எனக்கு. நர்ஸம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வந்தபோது, "எனக்கா சாமி சொல்லித் தாரீங்க? நீங்க பொறக்கறதுக்கு முன்னாலயே நான் ஊசி போட்டவ" என்றேன். பக்கத்தில் நின்ற மருமகள் கவிதா, "கேட்டுக்கங்க அத்தை" என்று முந்தானையை இழுத்தாள். நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் குத்திக்கொள்ளப் போனால், கை முன்னே வரவே மாட்டேன் என்கிறது மாமா. எத்தனை கோழிக்குப் போட்ட கை! கோழிக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உங்களை நினைத்துக் குத்திக்கொண்டேன். கவிதா வெளியே நின்று, "நான் போட்டு விடட்டுங்களா?" என்று கேட்டாள். "போ போ, நீ உன்ற சோலியப் பாரு" என்று விரட்டினேன்.

தினமும் தவறாமல் போட்டேன். ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. அடுத்த தடவை பார்த்தபோது முன்னைவிட ஏறிக் கிடந்தது. டாக்டர் என் முகத்தையே பார்த்து, "நெசமாவே தினமும் போடறீங்களாம்மா?" என்றார். பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாரே! அந்த ரோசத்தில் வேறு எதையும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஊசிக்கே கேட்காத சர்க்கரை என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? அப்படியானால் நீங்கள் சொன்னதுதான் சரியா? கடைசிதானா?

பயம் வந்தால் நாம் எங்கே போவோம், மாரியம்மன் கோயிலுக்குத்தானே. சர்க்கரை இறங்கினால் போதும் தாயே என்று வேண்டிக்கொண்டு, தீர்த்தக்குடம் எடுத்து வெறுங்காலோடு நடந்தேன். பங்குனி வெயில். கூட வந்தவர்கள் எல்லாரும் கல்லில் கால் வைக்க முடியாமல் நிழல் தேடி ஓடினார்கள். எனக்கு மட்டும் சுடவில்லை. அம்மன் என்னைத் தாங்கிக்கொண்டாள் என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் வாசல் கூட்டும்போது தரையில் ஈரமாக ஒரு தடம். பார்த்தால் என் கால். கொப்புளம் எழும்பி உடைந்தே போயிருந்தது. அம்மன் தாங்கவில்லை மாமா. கால்தான் மரத்துப்போயிருக்கிறது.

அன்றைக்கு நான் செய்ததைச் சொன்னால் திட்டுவீர்களோ, சிரிப்பீர்களோ. யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த சாம்பல் நிற சாக்ஸை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டேன். நீங்கள் புண்ணை மறைத்து வைத்திருந்தீர்களே, அதே சாக்ஸ். "கோடையில எதுக்குங்க சாக்ஸு?" என்று அப்போது உங்களிடம் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தவள் நான்.

நேற்று வெயிலில் வந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு எலுமிச்சை ஜூஸ் போட, கவிதா ஐஸ் எடுக்கப் போனாள். போனவள் பிரிட்ஜ் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். கையில் என் மருந்து. அந்தம்மா ஜூஸைக் குடித்துவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்தாள். போனதும் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க அத்தை, மருந்த எதுக்கு ஐஸுக்குள்ள பொதச்சு வெச்சிருக்கறீங்க? கல்லாட்டம் கெடக்குது."

"பின்னே எங்க வெப்பாங்க? ஐஸ் உருகுனா மருந்து செத்துப்போயிரும். உனக்கென்ன தெரியும்? தினமும் உள்ளங்கையில வெச்சு உருக்கித்தான் போட்டுக்கறேன்."

"அது கோழி மருந்துங்க அத்தை! இது ஒறஞ்சா கெட்டுப்போயிருமுங்க. அந்த நர்ஸம்மா தலபாடா அடிச்சுக்கிட்டாங்களே, ஐஸ் பொட்டியில வெக்காதீங்க, கீழ வெய்யிங்கன்னு!"

பண்ணையில் மருந்தை ஐஸ் பெட்டியில் பத்திரமாக வைத்துக் காப்பாற்றிய மாதிரியே, இதையும் காப்பாற்றுவதாக நினைத்து இத்தனை நாளும் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, மாமா. ஊசி என்னைக் கைவிடவில்லை, நான்தான் அதைக் கொன்றிருக்கிறேன்! அப்படியானால் கடைசி இல்லை! அடுத்த நொடியே பயம் வந்தது. இத்தனை நாளும் சர்க்கரை தன் இஷ்டத்துக்கு ஏறியிருக்கிறதே, அதற்குள் இந்தக் கால் என்ன ஆகியிருக்கும்? என்னை அறியாமல் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

கவிதா அதைப் பார்த்துவிட்டாள். "இந்த வெயில்ல சாக்ஸு எதுக்குங்க அத்தை?"

"ஒண்ணுமில்ல. முள்ளு கீறுச்சு, அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்துப்போனது. அது என் பேச்சு இல்லை, உங்கள் பேச்சு. ஒரு எழுத்து மாறாமல் நீங்கள் என்னிடம் சொன்னது. அப்போது உங்களைப் பிடிவாதக்காரர், வறட்டுக் கௌரவக்காரர் என்றுதான் நினைத்தேன். அந்தச் சாக்ஸுக்குள் நீங்கள் தன்னந்தனியாக எவ்வளவு பயந்திருப்பீர்கள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா மாமா? பயமாயிருக்குது புள்ள என்று ஒரே ஒரு வார்த்தை?

கவிதா சத்தம் போடவில்லை. தரையில் உட்கார்ந்து, என் காலை எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள். மாமியார் கால் என்று கூச்சப்படவில்லை. சாக்ஸைக் கழற்றினாள். புண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"வலிக்குதுங்களா அத்தை?"

"வலிச்சாத்தான் பரவால்லயே சாமி" என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. உங்களைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட ஊரார் முன்னால் நிமிர்ந்து நின்றவள், மருமகள் மடியில் காலை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். "பயமா இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டேன். "எனக்குந்தானுங்க பயமா இருக்குது" என்றாள் அவள். அதைக் கேட்டதும் ஏனோ மூச்சு விட முடிந்தது.

உங்கள் மகன் செந்தில் லாரியில் லோடு ஏற்றிப் போயிருந்தான். இன்றைக்குத்தான் போனில் கிடைத்தான்; கேட்டதும் சங்ககிரியிலேயே லாரியை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறான். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரி. இன்று காலையில் கவிதா புது மருந்தை வாங்கி வந்து, கீழ்த்தட்டில் வைத்திருக்கிறாள். நம் பேத்தி அதன்மேல் "அப்பத்தா மருந்து, ஐஸில் வைக்காதே" என்று ஒட்டியிருக்கிறாள். வகுப்பிலேயே அவள் கையெழுத்துத்தான் அழகு, தெரியுமா?

டாக்டர் என்ன சொல்வாரோ. மருந்து வைத்துக் கட்டினால் ஆறிவிடும் என்பாரா? விரலை எடுக்க வேண்டும் என்பாரா? விரலோடு நிற்குமா? காலையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பயம் போகவில்லை, போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று கவிதா கேட்டாள். என் கூத்து ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா என்று முதலில் வீறாப்பாகத்தான் இருந்தது. பிறகு, அனுப்பு என்று சொல்லிவிட்டேன். வெயிலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு எந்த வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ.

நாளைக்கு யாரும் கேட்பதற்கு முன்னால் நானே காலைத் தூக்கிக் காட்டுவேன், மாமா. ஐஸில் வைத்த கதையையும் நானே சொல்வேன். நர்ஸம்மா சொல்லிக்கொடுப்பதை இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்பேன். என்ன சொன்னாலும் படியிறங்கி ஓடி வரமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அங்கே எனக்கு இப்போதே இடம் போட்டு வைக்காதீர்கள், நான் வர நேரமாகும்.

உங்கள் சாக்ஸைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் பெட்டிக்குள் போய்விடும். என் கால் வெளியில்தான் இருக்கும்.

பயந்துகொண்டே, ஆனாலும் மறைக்காமல்,
உங்கள் மாமன் மகள்
நல்லம்மா