பாதி வழியில் இறங்கிய தோள்

என் அருமை அண்ணே,

உன் மகள் ஜெனி உள்ளே போய் ஒரு மணி நேரமாகிறது. ஈப்போ மருத்துவமனை வராந்தாவில் உட்காருகிறேன், எழுகிறேன், மறுபடி உட்காருகிறேன். வாங்கிய கோப்பி ஆறிப்போய்விட்டது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அவளுக்கும் உன்னைப் போலவே மூச்சு வாங்குகிறது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடிவிட்டதாம். கழுத்து வழியாக மெல்லிய டியூப் ஒன்றை விட்டு, இதயத்தைத் தாண்டிப் போய், அந்தக் குழாயின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று உள்ளிருந்தே படம் எடுக்கிறார்கள். "இது வைத்தியம் இல்லைம்மா, பார்க்கிறதுக்குத்தான்" என்றார் டாக்டர். உனக்குள் யாராவது இப்படி எட்டிப் பார்த்தார்களா? மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெசர் இழுப்பு என்றார், நாமும் விட்டுவிட்டோம்.

நான் அதைக்கூட நம்பவில்லை. தெலுக் இந்தான் கோயில் திருவிழாவில் மாதா சப்பரத்துக்கு முன்தோள் கொடுப்பது நம் வீட்டு ஆண்கள்தான். அந்த வருடம் நீ பாதி வழியிலேயே தோளை எடுத்துவிட்டாய். "காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு லா, தோள் எப்படி நிக்கும்?" என்று ஊரார் முன்னால் சொன்னவள் நான். இல்லை என்று மறுக்க உனக்கு மூச்சு ஏது? அடுத்த திருவிழாவுக்கு நீயே இல்லை.

போன மாதம் ஜெனி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு வருசமா, அத்தே."

"ஏன்டி சொல்லல?"

"அன்னைக்கு அப்பாவைச் சொன்னீங்கல்ல. நானும் அங்கதான் நின்னேன்."

அண்ணே, என் வாய் செய்த கெடுதல் உன்னோடு நின்றுவிடவில்லை. பிள்ளையையும் ஒரு வருடம் ஊமையாக்கியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இங்கேயே இருங்க லா, எங்கயும் போயிடாதீங்க" என்றாள். கழிப்பறைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கதவு திறந்தது. வேறு யாரையோ தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

படத்தில் எது தெரிந்தாலும் ஒன்று செய்வேன். இந்த வருடத் திருவிழாவில், நீ தோளை எடுத்த அதே இடத்தில் சப்பரத்தை நிறுத்தச் சொல்வேன். அண்ணன் குடித்திருக்கவில்லை, மூச்சுக்குத் தவித்தார் என்று அதே ஆட்கள் முன்னால் சொல்வேன். பிறகு, சப்பரத்தோடு நடந்து வரும் ஜெனி நின்று மூச்சு வாங்கி முடிக்கும்வரை எல்லாரும் அங்கேயே நிற்கட்டும்.

அவசரக்காரியான உன் தங்கச்சி,
லில்லி