தவறு இல்லாத பாடம்

தொடர்பு நிலையம். திங்கள், 09:10

இதை எடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். நான் எஸ்தர், ஓய்வு பெற்ற ஆசிரியை. இந்த விண்வெளி நிலையத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் நின்று மறைக்கும் வாரங்களில், இரண்டின் பேச்சும் என் வழியாகத்தான் போகும். செவ்வாயில் உள்ள குடியிருப்பின் ஐந்து பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்துகிறேன்.

நான் பேசுவது அவர்களுக்குக் கேட்க இருபது நிமிடம் ஆகும். அதனால் என் கணினித் திரையில் நடப்பதைப் பதிவு செய்து, குரலோடு அனுப்புகிறேன். தோசை சுடப் பழகும் பிள்ளை பார்க்க வேண்டியது அம்மாவின் கையை, முகத்தை அல்ல. திரைப்பதிவும் அப்படித்தான். சுட்டியைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் பின் மூச்சு விட இடைவெளி கொடுப்பேன்.

எல்லாப் பதிவிலும் வேண்டுமென்றே ஒரு தவறு வைப்பேன். கண்டுபிடித்தால் நட்சத்திரம். சும்மா பார்க்கிற பிள்ளை தூங்கிவிடும். தவறைத் தேடுகிற பிள்ளை தூங்காது.

புதன், 10:40

நேற்றைய பாடம், குடியிருப்பின் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பலகை. காற்றாடியை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, பதிவில் நானே நிறுத்திக் காட்டினேன். மூத்தவள் மெகருன்னிசாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் பதில் வந்தது.

“காத்தாடிய ஆஃப் பண்ணீங்கல்ல, அங்க மாட்டிக்கிட்டீங்க டீச்சர். தேவநேசன் ரெண்டு தடவ பாத்தும் கண்டுபிடிக்கல. டீச்சர் தப்பே பண்ண மாட்டாங்கன்னு உங்களுக்கு ஐஸ் வைக்கிறான்.”

அவளுக்கு நட்சத்திரம் அனுப்பினேன்.

வியாழன், 11:05

பெரியவர்கள் எல்லாரும் சுரங்கத்தில் இருக்கிறார்கள். புழுதிப் புயலில் அவர்களால் திரும்ப முடியவில்லை, பேசவும் முடியவில்லை. வெளியே போக அணியும் விண்ணுடைகள் எல்லாம் அவர்களிடம்தான். பிள்ளைகள் தனியாக.

மெகருன்னிசா: “டீச்சர், காத்துக் குழாயிலேர்ந்து புகை வருது. சின்னவங்க இருமுறாங்க. பலகைல எத அமுக்கணும்? சொன்னா புரியாது, காட்டுங்க.”

பூமிக்குக் கேள்வி அனுப்பிவிட்டேன்.

11:26

பூமியிலிருந்து பொறியாளர் சிவநேயன்: “குழாய்க்குள்ள தீம்மா. காத்தாடி ஓடுனா தீ வளரும், புகை ரூமுக்குள்ள வரும். முதல்ல காத்தாடி, அப்புறம் குழாய்க் கதவு. என் குரலையே அனுப்பிடுங்க.”

அனுப்பவில்லை. தெரியாத ஆளின் குரல் பிள்ளைகளைப் பயமுறுத்தும். என் குரல் அவர்களுக்குப் பழக்கம்.

11:34

பதிவு போய்விட்டது. மஞ்சள் வளையம் காற்றாடி மேல். நிறுத்தல். இடைவெளி. குழாய்க் கதவு. மூடல். எப்போதும் போல நிதானமாகப் பேசினேன், அவர்கள் பதறக் கூடாதென்று.

12:03

ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் அதில் வைத்த தவறைக் குறித்துக்கொள்வது என் வழக்கம். குறிக்க உட்கார்ந்தேன். இதில் என்ன தவறு வைத்தோம் என்று

வைக்கவில்லை. அதை அவர்களிடம் சொல்லவும் இல்லை.

குரல் மட்டும் அனுப்பினேன். “பிள்ளைகளே, இதில் தவறு இல்லை. காற்றாடியை நிறுத்துங்கள்.” போய்ச் சேர 12:23 ஆகும்.

12:19

அவர்களிடமிருந்து நேரலைத் திரைப்பதிவு வருகிறது. வீட்டுப்பாடம் அனுப்ப நான் கற்றுக்கொடுத்த மாதிரியே. மெகருன்னிசா மஞ்சள் வளையம்கூட வைத்திருக்கிறாள்.

“இந்த நேரத்துலயும் விளையாட்டா டீச்சர்? அதே தப்ப ரெண்டாவது தடவ வச்சா ஏமாந்துடுவோமா? குழாய்க் கதவ நீங்க சொன்ன மாதிரி மூடப் பாத்தோம், காத்தாடி ஓடுறப்ப மூட மாட்டேங்குது. அதனால காத்தாடிய ஃபுல்லா வச்சிருக்கோம். புகை வெளிய போயிடும்ல.”

பின்னால் தேவநேசன், இருமலோடு: “நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன். நட்சத்திரம் எனக்கு.”

12:31

இருமல் மட்டும் கேட்கிறது. மெகருன்னிசா சின்னவர்களைத் தரையோடு படுக்கச் சொல்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மூன்று பேர்தான் பதில் சொல்கிறார்கள். பார்ப்பது இருபது நிமிடம் பழையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரையைப் பார்த்து “நிறுத்தும்மா, நிறுத்தும்மா” என்று

12:38

இருமலும் இல்லை.

12:43

அவர்கள் அறையில் என் குரல் ஒலிக்கிறது. பதிவில் தெளிவாகக் கேட்கிறது. பிள்ளைகளே, இதில் தவறு இல்லை.

மஞ்சள் வளையம் காற்றாடி மேல் அசையாமல் நிற்கிறது.

பதிவை நிறுத்த அங்கே ஆள் இல்லை. வந்துகொண்டே இருக்கிறது. இங்கிருந்து அணைக்க ஒரு பொத்தான் உண்டு. என்னால்