வசந்தாவின் நான்கு மூலைகள்

என் அருமைத் தங்கை வசந்தாவுக்கு,

உனக்கு மெமோ கொடுத்த அதே தலைமையாசிரியர், உன் பாடக் குறிப்புகளைத் தன் பெயரில் புத்தகமாக அச்சிட்டுவிட்டார். ஆங்கில ஆசிரியர்களுக்கான கையேடாம். அட்டையில் அவர் பெயர், உள்ளே அவர் படம். உன் பெயர் நன்றியுரையில்கூட இல்லை.

பக்கத்து வீட்டு சுமதி, கலசப்பாக்கத்தில் டீச்சராக இருக்கிறாளே, அவள்தான் ஆசிரியர் பயிற்சியில் கொடுத்ததாக இதைக் கொண்டுவந்தாள். ஐந்தாவதோடு நின்றவள் நான். உன் பழைய பாடப்புத்தகங்களை அகராதி வைத்துப் படித்துத்தான் ஆங்கிலம் கற்றேன். இதையும் அப்படியே வரிவரியாகப் படித்தேன். எல்லாம் என் கண்முன்னால் நீ எழுதியது.

இலக்கியக் கோட்பாடு கல்லூரிக்காரர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டவள் நீ. ஜவ்வாது மலைமேல் பள்ளியில், நீ நடத்திய ஒன்பதாம் வகுப்பில் நான்கு மூலைகள் வைத்தாய். ஒரு மூலையில் நின்றால் கதையைப் பெண்ணின் பக்கமிருந்து படிக்க வேண்டும். இன்னொன்றில் உழைப்பவன் பக்கமிருந்து. மூன்றாவதில் ஆளப்பட்டவன் பக்கமிருந்து. நான்காவதில், கதை சொல்பவன் எதை மறைக்கிறான் என்று தேட வேண்டும். மனம் மாறினால் மூலை மாறலாம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் மலையேறும் பாடத்தன்று, மூட்டை தூக்கியவர்களுக்கு ஏன் பெயரே இல்லை என்று கத்திக்கொண்டு வகுப்பே ஒரு மூலைக்கு ஓடியது. அப்போதுதான் தலைமையாசிரியர் உள்ளே நுழைந்தார்.

“இன்னா டீச்சர், இங்கிலீஷ் நடத்துறீங்களா, கபடி ஆட வுடுறீங்களா?”

மறுநாள் மெமோ. பாடத்திட்டத்துக்கு வெளியே கற்பித்தாயாம். விசாரணைக்கு என்று குறிப்பேடுகளையும் வாங்கிக்கொண்டார். அதை அவர் கையில் கொடுக்கும்போது உனக்குச் சந்தேகமே வரவில்லையா? விளக்கம் எழுதி எழுதியே உன் கடைசி வருடம் போயிற்று.

திருடத் தெரிந்தவருக்குப் படிக்கத் தெரியவில்லை. மூன்றாம் மூலைக்கு அடையாளமாக, ‘பலாமரம் தெரியும் ஜன்னலோரம்’ என்று நீ குறித்திருந்ததையும் அப்படியே அச்சிட்டிருக்கிறார். அவர் நடத்திய பயிற்சியில் ஓர் ஆசிரியர் எழுந்து, “சார், எங்க ஸ்கூலாண்ட பலாமரமே இல்லீங்களே, புளியமரம் பரவால்லீங்களா?” என்று கேட்டாராம். கூடமே சிரித்ததாம்.

தலைமையாசிரியர் வீட்டுக்கே போனேன். உள்ளே கூப்பிடவில்லை.

“அவங்கதான் போய்ட்டாங்களேம்மா. இப்ப அவங்க பேரப் போட்டு இன்னா ஆவப்போவுது?”

“ஒண்ணும் ஆவாதுன்னா, உங்க பேர இன்னாத்துக்கு சார் போட்டீங்க?”

கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தட்டும். அவர் தலைகுனிவதைப் பார்க்காமல் நான் சாக மாட்டேன். அவரை மன்னித்துவிடு அக்கா என்று என் கனவில்கூட வந்து நிற்காதே. நீ பொறுத்துப் போனது போதும்.

இனி நடக்க வேண்டியது இது. அடுத்த பயிற்சியில், அதே ஆசிரியர்கள் முன்னால், இது வசந்தா டீச்சர் எழுதியது என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த மெமோ தவறு என்று தன் கையால் எழுதித் தர வேண்டும். அதை அச்சிட்டுக் கொடுத்த கல்வி அலுவலகம் அட்டையை மாற்ற வேண்டும். உன்னிடம் படித்த பிள்ளைகள், இப்போது கல்லூரியிலும் வேலையிலும் இருப்பவர்கள், வகுப்பில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதையெல்லாம் திரட்ட வேண்டியவள் சுமதி; ஒப்புக்கொண்டாள். இவ்வளவும் நடக்கும்வரை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு உட்கார வேண்டியவள் நான். உட்காருவேன். இது சத்தியம்.

உன்னை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அக்கா,
கோவிந்தம்மாள்